படித்துக் காட்டாத காகிதம்

அன்புள்ள செல்வராசு,

முதலில் என் எழுத்துக்காகப் பொறுத்துக்கொள். கோடு போட்ட தாள்தான் வாங்கினேன். இருந்தும் எழுத்துகள் கோட்டின் மேல் நிற்க மாட்டேன் என்கின்றன. வரப்பில் நடந்து பழகாத டவுன் ஆள் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வயலில் இறங்கிவிடுகின்றன. சில இடங்களில் பேனாவை அழுத்தியதில் தாளே கிழிந்திருக்கிறது. நடுவில் மை நீலத்திலிருந்து கறுப்பாக மாறும். பயந்துவிடாதே, எழுதுவது நான் ஒருவன்தான். முதல் பக்கம் கிழிந்துபோய் மறுபடி எழுதுகிறேன்; கடிதத்தை ஆரம்பித்து இன்று பன்னிரண்டாவது நாள். காலையில் மாட்டை மாற்றிக் கட்டிவிட்டு வந்து ஒரு பக்கம் எழுதுகிறேன், சில நாள் அரைப் பக்கம். நாள் முழுக்க மண்வெட்டி பிடித்தாலும் வலிக்காத கை, அரைப் பக்கத்தில் மரத்துப்போகிறது. ஆனாலும் இந்த அறுபது வயதில் எனக்குக் கிடைத்திருக்கும் சந்தோஷத்தை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. தீப்பெட்டி, சோப்புக் காகிதம், உர மூட்டை, ஓட்டுக் கேட்டு எழுதிய சுவர், எதையும் படிக்காமல் விடுவதில்லை. முதியோர் கல்வி வகுப்பு நடத்துகிற பெண் என் நோட்டைப் பார்த்து, "தாத்தா, உங்க ழவுக்கு வாலு ரொம்ப நீளம். கீழ் வரியைப் போய் மிதிக்குது" என்றாள். "இருக்கட்டும் தாயி, அறுபது வருசமா சுருட்டி வச்சிருந்த வாலு, கொஞ்சம் நீட்டிக்கட்டும்" என்றேன். வகுப்பே சிரித்தது.

போன மாதம் உன்னைப் பார்க்கப் பெரம்பலூர் வந்தேனே, அன்று ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் ஒரு கூத்து நடந்தது. முன்பெல்லாம் யாரையாவது கேட்டுத்தான் பஸ் ஏறுவேன். அன்று யாரையும் கேட்பதில்லை என்று வைராக்கியமாக நின்று, பஸ்ஸின் நெற்றியில் இருந்த பலகையை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக்கொண்டிருந்தேன். கண்டக்டர் பொறுமை இழந்துவிட்டான். "யோவ் பெருசு, நீ படிச்சு முடிக்கிறதுக்குள்ள வண்டி அரியலூருக்கே போயிடும், ஏறுய்யா!" என்றான். "இரு தம்பி, அரியலூர முடிச்சுட்டேன். உடையார்பாளையம் பாக்கி இருக்கு" என்றேன். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே ஏறினேன். ஆனால் என் சட்டைப் பையில் ஒரு காகிதம் நான்காக மடித்து இருந்தது. அதை உன்னிடம் காட்டத்தான் வந்தேன். காட்டாமலே திரும்பிவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

சைக்கிள் கடைக்கு மேலே உன் அறையில் அன்று பேசியது உனக்கு நினைவிருக்கும். பகல் முழுக்க டுடோரியலில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துவிட்டு வந்து, தகரக் கூரையின் கீழ் வேர்த்து ஒழுக உட்கார்ந்திருந்தாய். "என்ன தம்பி, டில்லிப் பரீட்சைக்குப் படிப்பெல்லாம் எப்படிப் போவுது?" என்று கேட்டேன்.

"படிக்கிறதுக்கு என்னப்பா இருக்கு? இதுக்குப் பாடப் புத்தகமே கெடையாது. முன்ன பின்ன பாத்திராத காகிதம் நாலு குடுப்பாங்க. ஒரு பழைய கடுதாசி, ஒரு உத்தரவு, ஒரு கல்வெட்டு, யாரோ குடுத்த வாக்குமூலம், இப்படி. அதை மட்டும் வச்சிக்கிட்டு எழுதணும். யார் எழுதுனது, யாருக்காவ எழுதுனது, எதை நம்பலாம், எதை நம்பக் கூடாதுன்னு. அதைப் பாத்துத்தான் எம்.ஏ. வரலாறுக்கு ஆள் எடுப்பாங்க."

"முன்ன பின்ன பாத்திராத காகிதமா? எனக்கு எல்லாக் காகிதமும் அப்படித்தான்டா இருந்துச்சு."

நீ சிரித்தாய். அன்று நீ சிரித்தது அந்த ஒரு தடவைதான். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "எல்லாம் இங்கிலீசுலப்பா. கான்வென்ட்ல படிச்சவன் ஒரு தடவை பாத்தாப் போதும். நான் மூணு தடவை படிக்கணும். மணி அடிச்சிடுவான். போன வருசமே தெரிஞ்சுபோச்சு. இந்தத் தடவையும் வராது. குவாரியில மஸ்டர், அதான் ஆள் வந்த கணக்கு, எழுதுற வேலைக்குச் சொல்லி வச்சிருக்கேன்" என்றாய். போன வருடம் சென்னையில் எழுதிய பரீட்சையைப் பற்றியும் சொன்னாய். வெள்ளைக்காரன் காலத்தில் ஏதோ ஓர் ஊர்க்காரர்கள் கொடுத்த வாக்குமூலம் வந்ததாம். புது ஏற்பாட்டுக்கு நாங்கள் மனதாரச் சம்மதிக்கிறோம் என்று இருந்ததாம். "ஜனங்களே ஒத்துக்கிட்டாங்க, எதிர்ப்பே இல்லைன்னு ரெண்டு பக்கம் எழுதினேன்பா. அது ஒண்ணைத்தான் ஒழுங்கா எழுதினேன்" என்றாய். "சரியாத்தான் எழுதியிருக்க" என்று நானும் சொன்னேன். சொல்லும்போது என் கை சட்டைப் பையின் மேல் இருந்தது. நீ கவனிக்கவில்லை.

சுடுகாட்டுப் பாதைக் கதை நீ பாதி கேட்டது. உனக்கு நான்கு வயது இருக்கும்போது பெரிய வீட்டுக்காரர் முந்திரி வைப்பதற்காகத் தன் கொல்லையைச் சுற்றி முள்வேலி போட்டார். நம் தெருக்காரர்கள் பிணம் கொண்டுபோகிற பாதை அந்தக் கொல்லைக்குள் மாட்டிக்கொண்டது. மிச்சம் இருந்த ஒரே வழி ஓடையைத் தாண்டிப் போவதுதான். கோடையில் அது மணல். மழைக்காலத்தில் ஆள் உயரத் தண்ணீர். நானும் அய்யாக்கண்ணுவும்தான் தெருவைக் கூட்டினோம். அய்யாக்கண்ணு என் சித்தப்பா மகள் அஞ்சலையைக் கட்டியவன், உனக்கு மாமா, எனக்கு மச்சான், அதற்கெல்லாம் மேலே சின்ன வயதிலிருந்து ஒரே ஏரில் மாற்றி மாற்றி உழுதவன். எல்லோரும் ஜெயங்கொண்டம் வரை நடந்து போய்த் தாலுகா ஆபீஸில் மனு கொடுத்தோம். இரண்டு மாதம் கழித்து மனு தள்ளுபடி என்று சொல்லிவிட்டார்கள். வாசலில் நின்ற பியூன் எங்களைப் பார்த்து, "உங்க ஆளே ஒருத்தன் பாதையே இருந்ததில்லைன்னு எழுதிக் குடுத்திருக்கான். அப்புறம் எப்படிய்யா பாதை வரும்?" என்றார். யார் என்று கேட்டதற்கு, "அதெல்லாம் சொல்லக் கூடாது, போங்க" என்று விரட்டிவிட்டார்.

அந்த வாரம் அய்யாக்கண்ணு பெரிய வீட்டுக் களத்திலிருந்து ஒரு கட்டு வைக்கோல் சுமந்து வந்ததை இரண்டு பேர் பார்த்திருந்தார்கள். அது போதுமானதாக இருந்தது. தெருக்கூட்டம் போட்டோம். அதில் அதிகமாகச் சத்தம் போட்டது நான். "ஒரு கட்டு வைக்கோலுக்கு எங்க பொணத்தையெல்லாம் வித்துட்டியேடா" என்று கேட்டேன். அவன் என்னை மட்டும் பார்த்துப் பேசினான். "நான் ரேகை வைக்கல மாப்ள. அஞ்சலை ரெண்டு நாள் நெல்லு தூத்தின கூலிடா அது. வேணும்னா தாலுகா ஆபீஸ்ல நகல் வாங்கியாந்து காட்டுறேன், யாருன்னு பாத்துக்கங்க." நான் விடவில்லை. "படிக்கத் தெரியாதவங்ககிட்ட எந்தக் காகிதத்த வேணாலும் காட்டலாம்டா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கே அவனைத் தெருவை விட்டு ஒதுக்கிவைத்தோம். தண்ணீர் கிடையாது, நெருப்பு கிடையாது, நல்லது கெட்டதுக்கு ஆள் கிடையாது. ஒரு மாதம் தாக்குப்பிடித்தான். பிறகு அஞ்சலையைக் கூட்டிக்கொண்டு தா.பழூர்ப் பக்கம் கூலி வேலைக்குப் போய்விட்டான். நகல் வாங்கி வருகிறேன் என்றவன் வரவே இல்லை. அதைச் சொல்லிச் சொல்லி நம் தெருவில் வருடக்கணக்காகக் கேலி பேசினோம். யாராவது கடைக்குப் போய்த் தாமதமாக வந்தால், "என்ன, நகல் வாங்கப் போனியா?" என்போம்.

உனக்கு ஒன்பது வயதில் உன் அம்மா போனாள். ஐப்பசி மாதம். மூன்று நாள் அடைமழை. இதை எழுத இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். மை மாறியிருப்பது இந்த இடத்தில்தான். ஓடையில் மார்பளவு தண்ணீர். நான்கு பேர் பாடையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். நடு ஓடையில் பின்னால் வந்தவன் கால் வழுக்கி, பாடையின் ஒரு மூலை தண்ணீரில் அமிழ்ந்தது. அவள் தலைப்பக்கம். அக்கரையில் நின்றிருந்த ஒருவன் குதித்து நீந்தி வந்து அந்த மூலையைத் தோளில் வாங்கினான். அய்யாக்கண்ணு. அவனுக்கு யாரும் சாவு சொல்லி அனுப்பவில்லை. எப்படியோ கேள்விப்பட்டுத் தா.பழூரிலிருந்து மழையில் வந்திருக்கிறான். நான் தண்ணீரில் நின்றுகொண்டு கத்தினேன். "கையை எடுடா. உன்னாலதான்டா அவ தண்ணியில போறா." அவன் எடுக்கவில்லை. வேறு ஆள் வந்து பிடிக்கிறவரை தோளில் வைத்திருந்துவிட்டு, பிறகு விலகினான். நாங்கள் கரையேறிய பின்னும் அவன் தண்ணீரிலேயே நின்றது எனக்கு நினைவிருக்கிறது. நீ இக்கரையில் பக்கத்து வீட்டுக்காரி கையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். சாயங்காலம் என்னிடம், "ஏம்பா அம்மாவத் தண்ணிக்குள்ள கொண்டுபோனீங்க?" என்று கேட்டாய். "அய்யாக்கண்ணு மாமா பண்ணின வேலைடா" என்றேன். நீ அதை மறக்கவில்லை. அரியலூர்க் கல்லூரியில் சேர்ந்த வருடம் அவன் பஸ் ஸ்டாண்டில் உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதாகவும், நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்துவிட்டதாகவும் வந்து சொன்னாய். "நல்ல காரியம் பண்ணின" என்று நான் உன் முதுகில் தட்டினேன்.

அய்யாக்கண்ணு போன வருடம் இறந்துவிட்டான். நான் போகவில்லை. இந்த மாசி மாதம் ஒரு நாள் மத்தியானம் அஞ்சலை நம் வீட்டு வாசலில் வந்து நின்றாள். பத்தொன்பது வருடம் கழித்து அவள் தெருவுக்குள் வருவது அதுதான் முதல் தடவை. முடியெல்லாம் நரைத்து, கையில் ஒரு மஞ்சள் பையோடு நின்றாள். "வா" என்றேன். உட்காராமலே பேசினாள்.

"அண்ணே, நீங்க படிக்கக் கத்துக்கிட்டீங்களாமே. பஸ்ஸுல பேசிக்கிட்டாங்க."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தா.பழூர் பஸ் வரை என் படிப்பு போயிருக்கிறதே என்று. "ஆமா, வகுப்புல குடுத்த மூணு புத்தவமும் முடிச்சுட்டேன்" என்றேன்.

"அவரு பெட்டியில இது இருந்துச்சு. என்ன போட்டிருக்குன்னு பாருங்கண்ணே."

பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தாள். முத்திரை குத்திய பழைய காகிதம், மடிப்பெல்லாம் பழுத்துப்போய் இருந்தது. விரித்தேன். உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். வகுப்பில் முதன்முதலில் எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பது அவரவர் பெயரைத்தான். என் பெயரை நான் ஒரு மாதம் எழுதியிருக்கிறேன். மற்ற எழுத்துகளைக் கூட்டித்தான் படிக்க வேண்டும், என் பெயரை மட்டும் கூட்ட வேண்டியதில்லை. திருமழபாடித் திருவிழாக் கூட்டத்தில் சொந்தக்காரன் முகம் தெரிவது போலத் தெரிந்துவிடும். அந்தக் காகிதத்தின் நடுவில் அது தெரிந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். யோசிக்கவே இல்லை. "அட, என் பேரு இருக்கு அஞ்சலை! இந்தா பாரு, என் பேரு!" என்று விரலை வைத்துக் காட்டினேன்.

அவள் காகிதத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். "உங்க பேரு எதுக்குண்ணே இருக்கு?" என்றாள்.

அதன் பிறகுதான் முன்னாலும் பின்னாலும் கூட்டிப் படித்தேன். எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. அவள் நின்றுகொண்டே இருந்தாள். உனக்காக அதைப் பார்த்து இங்கே எழுதுகிறேன். இந்த நான்கு வரிக்கு எனக்கு ஒரு நாள் பிடித்தது.

"மேற்படி கிராமம் மேற்படி தெருவில் வசிக்கும் நான் சொல்வது என்னவென்றால், மனுவில் கண்ட கொல்லையில் பாதை என்பது எக்காலத்திலும் இருந்ததில்லை. எங்கள் தெருவார் ஓடை வழியாகவே பிரேதம் கொண்டு செல்வது வழக்கம். இதை யாருடைய தூண்டுதலும் இல்லாமல் என் மனப்பூர்வமாகச் சொல்லுகிறேன். படித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொண்டேன்."

அதன் கீழே என் பெயர், என் அப்பா பெயர், இடது கைப் பெருவிரல் ரேகை என்று இருந்தது. நம் ஊரில் அந்தப் பெயரில் வேறு ஆள் கிடையாது.

நான் அஞ்சலையிடம் பொய் சொன்னேன், செல்வராசு. "மனுவில ரேகை வச்ச எல்லாரு பேரும் இருக்கு. அதுல என் பேரும் இருக்கு" என்றேன். படிக்கக் கற்றுக்கொண்டு ஊரில் இன்னொருவருக்காக நான் படித்த முதல் காகிதம் அது. அதை மாற்றிப் படித்தேன். "அவரு பேரு இருக்காண்ணே?" என்று கேட்டாள். "இருக்கு" என்றேன். நான் மடித்து நீட்டிய காகிதத்தை வாங்கவில்லை. "நீங்களே வச்சுக்கங்கண்ணே. உங்களுக்குத்தான் படிக்கத் தெரியுதே" என்று சொல்லிவிட்டு, ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனாள். கொடுத்தேனா என்று கேட்காதே. கொடுக்கத் தோன்றவில்லை.

அந்த ரேகையை நான் எப்போது வைத்தேன் என்று எனக்குத் தெரியும். மனு கொடுத்த இரண்டு வாரத்தில் பெரிய வீட்டுக் கணக்குப்பிள்ளை என்னைக் களத்துக்குக் கூப்பிட்டார். "உங்க தெருவுக்குக் கெணறு வெட்ட சர்க்கார்ல எழுதிப் போடறோம். தெரு சார்பா ஒரு ரேகை வேணும். உன்னை விட்டா யாருய்யா விவரமானவன்?" என்றார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வைத்தேன். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் பீற்றிக்கொண்டேன். அவள், "என்ன எழுதியிருந்துச்சு?" என்று கேட்டாள். "கெணறுன்னுதான்" என்றேன். "படிச்சுக் காட்டினாங்களா?" என்றாள். "படிச்சுக் காட்டாட்டி என்ன, நான் என்ன கேனையனா?" என்று எரிந்து விழுந்தேன். கிணறு வரவில்லை.

இதுவரை சொன்னதுகூட எனக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது. ஏமாற்றி வாங்கிவிட்டார்கள் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் தாலுகா ஆபீஸ் வாசலில் பியூன் சொன்னபோது எனக்குக் கணக்குப்பிள்ளையின் மைப்பெட்டி ஞாபகத்துக்கு வந்தது. வந்தது. ஒரு கணம்தான். அதை அப்படியே கீழே தள்ளினேன். தள்ளிவிட்ட இடத்தில் வைக்கோல் கட்டு வந்து நின்றது. தெருக்கூட்டத்தில் நான் ஏன் அவ்வளவு சத்தம் போட்டேன் என்று இப்போது யோசிக்கிறேன். தன் மேல் சந்தேகம் இல்லாதவன் அவ்வளவு கத்த வேண்டியதில்லை.

இன்னும் இரண்டு விஷயம் அந்தக் காகிதத்தில் இருக்கிறது. அஞ்சலை போன பிறகு தினமும் எடுத்துப் பார்த்ததில் தெரிந்தது. ஒன்று, முத்திரைக்குப் பக்கத்தில் நகல் கொடுத்த தேதி. அது உன் அம்மா இறந்ததற்கு மூன்று வருடம் முந்தியது. இரண்டாவது, என் பெயருக்குக் கீழே ஒரு பென்சில் கோடு. ஆபீஸில் போட்டது இல்லை, மை வேறு அது வேறு. யாரோ அவனுக்குப் படித்துக் காட்டி, இதுதான் பெயர், இந்த இடத்தில் இருக்கிறது என்று கோடு போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அப்படியென்றால் அய்யாக்கண்ணு சொன்னபடி நகல் வாங்கியிருக்கிறான். பெயரைத் தெரிந்துகொண்டிருக்கிறான். தெரிந்துகொண்டு ஊருக்கு வராமல் பெட்டியில் வைத்துவிட்டான். தெரிந்த பிறகுதான் அந்த மழையில் வந்து உன் அம்மாவின் தலைப்பக்கத்தைத் தோளில் வாங்கினான். நான் கையை எடுக்கச் சொன்னபோது அவனுக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டில் உன்னைக் கூப்பிட்டபோதும் தெரியும். எதற்காகச் சொல்லாமல் இருந்தான் என்று நீ என்னைக் கேட்டால், அது அந்தக் காகிதத்தில் இல்லை. எவ்வளவு தேடியும் இல்லை. பெரிய மனசு என்று எழுதிவிட்டால் எனக்குச் சுலபம். என் மேல் இருந்த வெறுப்பில், கிடந்து சாகட்டும் என்று விட்டிருந்தாலும் அப்படித்தான் இருந்திருக்கும். தெரியாததைத் தெரியாது என்றே விடுகிறேன்.

இப்போது உன் பரீட்சைக்கு வருகிறேன். நீ ஜெயிப்பாய் என்று எழுத ஆசை. எழுத வரவில்லை. கான்வென்ட்டில் படித்துவிட்டு வருகிற பிள்ளைகளோடு நீ போட்டி போட முடியாது என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. மூன்று தடவை படிக்கிறவனுக்கு மணி அடிக்காமல் இருக்கப் போவதில்லை. அடுத்த மாதம் இந்நேரம் நீ குவாரியில் மஸ்டர் எழுதிக்கொண்டிருப்பாய், அரியலூர்ச் சுண்ணாம்புத் தூசி உன் புருவத்தில் படிந்திருக்கும் என்று மனது சொல்கிறது. ஆனாலும் பரீட்சைக்குப் போகும்போது ஒரு விஷயம் கொண்டுபோ. என் காகிதம் உன் பரீட்சையில் வந்திருந்தால் நீ என்ன எழுதியிருப்பாய்? தெருக்காரனே ஒப்புக்கொண்டான், பாதையே இல்லை, எதிர்ப்பே இல்லை என்று இரண்டு பக்கம் எழுதியிருப்பாய். நான் பக்கத்தில் இருந்து, சரியாத்தான் எழுதியிருக்க என்று சொல்லியிருப்பேன். போன வருடம் வந்த அந்த ஊர்க்காரர்கள் வாக்குமூலத்தில் கீழே கையெழுத்து இருந்ததா, ரேகை இருந்ததா, பார்த்தாயா? எழுதத் தெரியாதவன் "மனப்பூர்வமாக" என்று பேச மாட்டான், தம்பி. நான் என் ஆயுசில் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. ரேகை வைத்தவனுடைய கட்டைவிரல் ஒன்றுதான் அந்தக் காகிதத்தில் அவனுடையது. மற்றதெல்லாம் பேனா பிடித்தவனுடையது. படித்துக் காட்டப்பட்டது என்று எங்கே எழுதியிருக்கிறதோ, அங்கே நிறுத்திப் படி. உண்மையாகவே படித்துக் காட்டியிருந்தால் அதை எழுதி வைக்க வேண்டிய அவசியம் என்ன என்று ஒரு தடவை கேட்டுப் பார். அப்புறம் காகிதத்தின் ஓரத்தைப் பார். பென்சில் கோடு ஏதாவது இருக்கலாம்.

நான்கில் இரண்டு காகிதத்துக்குத்தான் நேரம் இருந்தால் இரண்டை மட்டும் எழுது. மெதுவாகப் படிப்பதைப் பற்றி வெட்கப்படாதே. நான் வேகமாகப் படிக்கத் தெரிந்தவனாக இருந்திருந்தால், என் பெயரைப் பார்த்துவிட்டு மேலே போயிருப்பேன். எனக்கு ஒரு வாரம் ஆனதால்தான் தேதி கண்ணில் பட்டது. இதனால் உனக்கு இடம் கிடைத்துவிடும் என்று சொல்லவில்லை. கிடைக்காவிட்டாலும், இன்னொரு ஊர்க்காரனைப் பற்றி நீ அப்படி எழுதாமல் வந்தால் போதும்.

இன்னொன்று நான் செய்ய வேண்டியது இருக்கிறது. அஞ்சலையிடம் அந்தக் காகிதத்தைச் சரியாகப் படித்துக் காட்ட வேண்டும். அவளுக்கு ஏற்கெனவே தெரியும் என்றுதான் நினைக்கிறேன். தெரிந்தாலும் என் வாயால் கேட்கத்தான் அவ்வளவு தூரம் வந்திருக்கிறாள். இரண்டு தடவை தா.பழூர் போனேன். முதல் தடவை நடவு வேலைக்குப் போயிருக்கிறாள் என்றார்கள். சந்தோஷமாகத் திரும்பிவிட்டேன். இரண்டாவது தடவை வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். தூரத்தில் பார்த்தேன். வந்த பஸ்ஸிலேயே ஏறிவிட்டேன். அவளுக்குப் படித்துக் காட்டிவிட்டால் அப்புறம் நம் தெருவுக்கும் படித்துக் காட்ட வேண்டியிருக்கும். தெருவில் இந்த வயதில் எனக்குத் தண்ணீர் கொடுக்க மாட்டார்கள் என்றால், அதைக் கேட்கவும் எனக்கு வாய் கிடையாது. அதனால் பாதை வரப்போவதும் இல்லை. முந்திரி இப்போது இரண்டு ஆள் உயரம் வளர்ந்துவிட்டது. அய்யாக்கண்ணு திரும்பப் போவதும் இல்லை.

வியாழக்கிழமை மறுபடி போவதாக இருக்கிறேன். அடுத்த வாரம் உனக்கு எழுதுவேன், எதுவானாலும் எழுதுவேன். ஆனால் அந்தக் கடிதத்தையும் நீ பரீட்சைக் காகிதம் மாதிரிப் படி. நாலே வரியில் முடிந்திருந்தால், போய்ப் படித்துக் காட்டிவிட்டேன் என்று அர்த்தம். மழை எப்படி, மாடு எப்படி, வகுப்பில் யார் என்ன சொன்னார்கள், கண்டக்டர் என்ன கேலி செய்தான் என்று பக்கம் பக்கமாக இருந்தால், இந்தக் கடிதத்தின் முதல் பக்கத்தை எடுத்து வைத்துப் பார்த்துக்கொள். உன் அப்பன் அந்தத் தடவையும் வந்த பஸ்ஸிலேயே ஏறிவிட்டான்.

இப்படிக்கு,
உன் அப்பா
(ரேகை இல்லை, கையெழுத்து)